மண்ணைத் தாங்கும் புல்வேலி

கடும் மழை பெய்து ஓய்ந்தபின் நமது வீட்டுக் கானில் ஓடும் நீரைப் பார்த்தால், அது தேநீர் நிறத்தில் ஓடுவதைக் காணலாம். அந்த நிறம் நமது தோட்டத்தின் மேல்மண்ணே ஆகும். நாம் சுமந்து வந்து இட்ட சாணமும் கூட்டுப்பசளையும் அதனோடு சேர்ந்து போகின்றன. மலைச்சரிவில் 7 அல்லது 10 பேர்ச் காணியில் போஞ்சியும் கோவாவும் பயிரிடும் ஒரு குடும்பத்துக்கு இது சிறிய நட்டம் அல்ல. போன மண் திரும்பி வராது.

கல் அடுக்கித் தடுப்புக் கட்ட எல்லோருக்கும் வசதி இல்லை. ஆனால் வெட்டிவேர் புல்லால் உயிருள்ள வேலி அமைக்க எவராலும் முடியும்.

வெட்டிவேரின் சிறப்பு

சிங்களத்தில் சவந்தரா எனப்படும் வெட்டிவேர் பல்லாண்டு வாழும் புல் ஆகும். நல்ல மண்ணில் இதன் வேர் 3 மீற்றருக்கு மேலும் நேர் கீழாக இறங்கும். பக்கவாட்டில் அதிகம் படராது. ஆகவே அருகிலுள்ள பயிருக்குப் பெரிய போட்டி இல்லை. வேலிக்கென வளர்க்கப்படும் இனங்கள் முளைக்கும் விதை தருவதில்லை. எனவே இலுக்குப் புல்லைப் போலத் தோட்டமெங்கும் பரவாது.

நெருங்கி வளரும் தண்டுகள் ஓடிவரும் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன. நீர் மெல்லக் கசிந்து செல்ல, மண் வேலியின் மேற்புறத்தில் தங்குகிறது. சில ஆண்டுகளில் அங்கே தானாகவே ஒரு படிக்கட்டு உருவாகும். புல் என்றாலே பிடுங்கி எறிய வேண்டியது என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் தேயிலையை மீள்நடுகை செய்யுமுன் மண்ணைத் தேற்ற மானாப்புல்லும் குவாத்தமாலாப் புல்லும் நடப்படுவதை நாம் அறிவோம்.

செய்முறை

1. கோடு குறித்தல்: சம நீளமான இரு தடிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகற்றி, நடுவே குறுக்குத்தடி கட்டவும். உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடவும். நூல் குறுக்குத்தடியில் படும் இடத்தைக் குறிக்கவும். பின் இரு கால்களையும் அதே இடங்களில் மாற்றி ஊன்றி மீண்டும் குறிக்கவும். இரு குறிகளின் நடுப்புள்ளியே மட்டம். நூல் அப்புள்ளியில் நிற்குமாறு சரிவின் குறுக்கே நகர்ந்து முளைக்குச்சிகள் அடிக்கவும்.

2. கன்று பிரித்தல்: தூரைக் கிளப்பி, 2 அல்லது 3 தண்டுகள் உள்ள கன்றுகளாகப் பிரிக்கவும். இலையை 20 சென்ரிமீற்றருக்கும் வேரை 10 சென்ரிமீற்றருக்கும் வெட்டவும். காயுமுன் நடவும்.

3. நடுதல்: மழை தொடங்கும்போது 10 முதல் 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒரே வரிசையாக நடவும். சரிவு ஓர் ஆள் உயரம் இறங்கும் இடத்தில் அடுத்த வரிசையை அமைக்கலாம். மரநிழலைத் தவிர்க்கவும், இப்புல்லுக்கு வெயில் வேண்டும்.

4. பராமரித்தல்: முதல் சில மாதங்கள் களை எடுத்து, பட்டுப்போன இடங்களில் புதிய கன்று நடவும். ஓர் இடைவெளி இருந்தாலும் நீர் முழுவதும் அதன் வழியே பாய்ந்து மண்ணை அரித்துவிடும். வேலி நெருங்கியபின் ஆண்டுக்கு 2 அல்லது 3 முறை 40 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெட்டி, வெட்டிய இலையைப் பயிருக்கு மூடாக்காக இடவும்.

வேர் வாசனைக்காக விலைபோகும். ஆனால் வேலியைக் கிண்டி வேரை எடுத்தால் மண்ணும் போய்விடும். வேர் தேவையெனில் சில தூர்களைச் சாக்கில் தனியாக வளர்க்கலாம். வாசலோரம் சில தூர்களை வெட்டாமல் விட்டால் ஊதா நிறக் கதிர்கள் வீட்டுக்கு அழகு தரும்.

புல்லின் எல்லை

இந்த வேலி மேல்மண்ணைக் காக்கும். மலையே நகரும்போது அதைத் தடுக்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்க முடியாது. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் புல்லை நம்பியிராமல் உடனே வெளியேற வேண்டும்.

நீர் காணி எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. மேல் வீட்டில் வேலி இல்லையெனில் கீழ் வீட்டு வேலி தனியே தாங்காது. ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் இறைவன் மனிதனிடம் ஒப்படைத்தார். அந்தக் காவற்பணி அயலவரோடு சேர்ந்து செய்யவேண்டிய பணியாகும்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது சரிவில் நீர் எந்த வழியாக இறங்குகிறது? ஒரு மழை நாளில் சேர்ந்து நடந்து பார்ப்போமா?
2. எல்லோருக்கும் கன்று கிடைக்க, பொது நாற்றுமேடையை எங்கே அமைக்கலாம்?
3. காணி நம் பெயரில் இல்லாதபோதும் அந்த மண்ணைக் காக்கும் பொறுப்பு நமக்கு உண்டா?