கூப்பிடு தூரத்துக்கு இத்தனை சுற்றா?

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "கடையிலயும் உத்திர வீதி வீட்டுலயும் ஒரே கம்பெனியோட வயர்லெஸ் நெட்தான் சார். ரெண்டுக்கும் ஒரே டவர். ஆனா கல்யாண ஆல்பத்தை வீட்டு கம்ப்யூட்டருக்கு நேரா அனுப்பினா போகமாட்டேங்குது. ஆன்லைன் டிரைவ்ல ஏத்தி இறக்கினாத்தான் வருது. வேணும்னே தடுக்கிறாங்களா?"

வேண்டுமென்றேதான். அதற்குக் காரணமும் உண்டு. இதைப் பற்றி ஊரில் உலவும் ஐந்து நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ஒரே டவர் என்றால் இரண்டு ஆன்டெனாவும் தாமாகவே பேசிக்கொள்ளும்.

உண்மை: பேசாது. மொட்டை மாடி ஆன்டெனாவை டவரைப் பார்த்துத் திருப்பி முடுக்கியிருப்பார்கள். கடை பேசுவது டவருக்குக் கேட்கும், வீட்டுக்குக் கேட்காது. 'நேராக' என்று நாம் சொன்னாலும் ஃபைல் டவருக்கு ஒருமுறை ஏறி, அங்கிருந்து ஒருமுறை இறங்கியே ஆகவேண்டும்.

நம்பிக்கை 2: டவர் வழியே நேராக அனுப்ப அனுமதித்தால் எல்லோருக்கும் நெட் ஸ்லோ ஆகிவிடும்.

உண்மை: இது பாதிக் கணக்கு. 2 ஜிபி ஆல்பம் டவர் வழியே போனால் காற்றில் ஏற்றமும் இறக்கமுமாக 4 ஜிபி செலவு. டிரைவ் வழியே போனாலும் அதே 4 ஜிபிதான். அதற்கு மேல், டவரிலிருந்து வெளியூர் செல்லும் பாதையிலும் 2 ஜிபி போய், 2 ஜிபி திரும்பி வரவேண்டும். ஆகத் தடுப்பதால் காற்றில் மிச்சமாவது ஒன்றுமில்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் செலவுதான் கூடுகிறது.

நம்பிக்கை 3: அப்படியானால் இது கம்பெனிக்காரர்களின் அடாவடி.

உண்மை: இல்லை. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழுவும், 2017 மே மாதம் உலகையே கலக்கிய வான்னாக்ரை புழுவும் யாரும் எதையும் கிளிக் செய்யாமலே விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தாவின. தடுப்பில்லாத டவரில் ஒரு வீட்டின் நோய் தெருவுக்கே தொற்றும்.

இன்னொன்று, பழகிய டெக்னீஷியன்கள் எல்லோரும் அறிந்தது. ரவுட்டரில் வெளி இணைப்புக்கான 'வான்' (WAN) துளையில் செருகவேண்டிய ஒயரை யாராவது வீட்டுக் கருவிகளுக்கான 'லேன்' (LAN) துளையில் செருகிவிடுவார்கள். அந்த ரவுட்டர் தன் வீட்டோடு நிற்காமல் அக்கம்பக்கத்துக்கும் ஐ.பி. முகவரி வழங்கத் தொடங்கும். தவறு ஒரு வீட்டில். நெட் படுப்பது பத்து வீட்டில்.

நம்பிக்கை 4: தடுப்பு இருந்தால் நமக்குப் பயமில்லை.

உண்மை: அது பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து மட்டுமே காக்கும். போலி வங்கி லிங்க்கையோ, கடை கேமராவுக்கு வைத்த 'அட்மின்' என்ற பாஸ்வேர்டையோ அது கண்டுகொள்ளாது.

நம்பிக்கை 5: எதற்கு வம்பு, மொத்தமாக அடைத்துவிடுவதே நல்லது.

உண்மை: தேனியைப் பாருங்கள். அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, சாதாரண வைஃபை கருவியையே நெடுந்தூரத்துக்கு மாற்றியமைத்தார்கள். சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களில் உட்கார்ந்த நோயாளியைத் தேனியிலிருந்த மருத்துவர் வீடியோவில் பார்த்தார். இரு கம்ப்யூட்டர்களும் தங்கள் சொந்த இணைப்பிலேயே பேசிக்கொண்டதுதான் அதன் பலம்.

அடைப்பதிலும் இரண்டு வகை உண்டு. நம் நண்பர் சித்திரை வீதியிலிருந்து உத்திர வீதிக்கு மதிலேறிக் குதித்துப் போவதில்லை. கோபுர வாசல் வழியாகப் போகிறார். நெட்வொர்க்கிலும் அப்படியே. ஒரே டவரில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று நேரடியாகத் தொடும் கீழ்த்தளத்தை அடைத்துவிடலாம், அடைக்கவும் வேண்டும். திருச்சி ஜங்ஷன் போல முன்பின் தெரியாதவர்கள் கூடும் இடத்து வைஃபையில் அது கட்டாயம். ஆனால், கம்பெனியின் ரவுட்டர் வழியாக, கேட்டவருக்குக் கேட்ட இடத்துக்கு மட்டும் பாதை விடுவதில் ஆபத்து குறைவு.

பாதை விட முகவரி வேண்டும், அதற்கும் ஒரு பஞ்சம் உண்டு. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பில் பழைய ஐ.பி. முகவரிகள் தீர்ந்துபோயின. அதன்பின் பல கம்பெனிகள் ஒரே முகவரிக்குப் பின்னால் ஏராளமான வீடுகளை வைக்கின்றன. அங்கே கொடுக்கும் உள்முகவரி 100.64 என்று தொடங்கினால், வெளியிலிருந்து யாரும் உங்கள் கம்ப்யூட்டரை நேராக அழைக்க முடியாது. ஆனால் அதே கம்பெனிக்குள் அந்த முகவரிகளுக்கிடையே வழி விடுவது சாத்தியம். புதிய முகவரி முறையான ஐ.பி.வி.6 உங்கள் கனெக்‌ஷனில் இருந்தால் முகவரிப் பஞ்சமே இல்லை. அப்போது வீட்டு ரவுட்டரின் ஃபயர்வால்தான் நம் வாசற்கதவு.

நண்பரிடம் சொன்னேன்: "தடுப்பை எடுக்கச் சொல்லாதீங்க. உங்க ரெண்டு கனெக்‌ஷனுக்கும் நடுவுல ரவுட்டர்ல வழி போட்டுத் தரமுடியுமான்னு கேளுங்க. முடியாதுன்னா, அதை ஏன் கனெக்‌ஷன் கொடுக்கும்போதே சொல்லலைன்னு கேளுங்க."