ஏரி மண்ணில் ஒரு படல் வளையம்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மண், குச்சி, வைக்கோல் கொண்டு திறந்தவெளியில் ஒரு சிற்பம் செய்ய நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது அதன் ஆயுளை. வடிவமும் அளவும் பிறகு. மாசியில் தொடங்கினால் ஐப்பசி மழை வரை நிற்க வேண்டும். அந்த மழையில் கரைந்து, அள்ளிப் போட வேண்டிய குப்பை எதையும் மிச்சம் வைக்காமல் போக வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை ஏற்றுக்கொண்டால் எந்த மண், எந்தக் கயிறு, எவ்வளவு உயரம், எந்த மாதம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாக அமையும். ஏற்காமல், கொஞ்சம் சிமென்ட் பூசிக்கொள்ளலாமே என்று ஆரம்பித்தால் இரண்டுங்கெட்டானாக ஒரு பொருள்தான் மிஞ்சும். இங்கே ஒரே ஒரு வேலையின் செய்முறையை மட்டும் சொல்கிறேன்: 4 மீட்டர் விட்டம், 60 சென்டிமீட்டர் உயரம், ஒரு பக்கம் வாசல் விட்ட படல் வளையம். குச்சிகளை நட்டு, மிலாறு பின்னி, இருபுறமும் மண் அப்பிச் செய்வது. உள்ளே ஏழெட்டுப் பேர் உட்காரலாம்.

இந்த ஊருக்கு ஏன் இந்த முறை என்பதற்கு ஊரே சாட்சி. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரிகள் மாவட்டம் என்றே பெயர். செம்பரம்பாக்கம், பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் என்று பெரிய ஏரிகளும், ஊருக்கு ஊர் சிற்றேரிகளும் உள்ள நிலம் இது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. சாலைகளும் மதில்களும் வந்த பிறகும், இரண்டு தொழிற்பேட்டைகளுக்கு நடுவே ஏரி நிரம்புவதும் வற்றுவதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மண்ணும் லேசுப்பட்டதல்ல. புவியியலாளர்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகள் என்று இந்த ஊரின் பெயரையே வைத்த களிப்பாறை அடுக்குகளில், 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய இலைகளின் அச்சுகள் நரம்பு தெரியப் பதிந்திருக்கின்றன. நுண்ணிய களி எதைத் தொட்டாலும் அதன் வடிவை வாங்கிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வளையத்தின் உட்சுவரில் இலை அச்சுப் பதிக்கும் வேலையையும் இதை வைத்துத்தான் சேர்த்திருக்கிறேன்.

செய்ததை அழிய விடுவது புதிய யோசனையும் அல்ல. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் குயவர்களான வேளார்கள் அய்யனாருக்குச் செய்து தரும் மண் குதிரைகளைப் பாருங்கள். களியும் மணலும் உமியும் கலந்து, உள்ளே கூடாக, ஆள் உயரத்துக்கும் மேலே எழுப்பிச் சுட்டெடுக்கும் வேலை. தேர்ந்த கை இல்லாமல் நடக்காது. புரவி எடுப்புத் திருவிழா முடிந்ததும் அந்தக் குதிரையை யாரும் கூரை போட்டுக் காப்பதில்லை. பழைய குதிரை காலுடைந்து, மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருக்க, பக்கத்தில் புதிய குதிரை வந்து நிற்கும். காக்கப்படுவது குதிரையைச் செய்யும் கை. வெளிநாட்டில் நிலத்தையே பொருளாகக் கொண்ட கலை 1960களின் பிற்பகுதியில் தனி இயக்கமானது. ராபர்ட் ஸ்மித்சன் 1970இல் அமெரிக்காவின் உப்பு ஏரியில் லாரி லாரியாகக் கருங்கல் கொட்டி 460 மீட்டர் நீளச் சுருள் கரை அமைத்தார். அது சில ஆண்டுகளில் நீரில் மூழ்கி, பல ஆண்டுகள் கழித்து வறட்சியில் வெளியே வந்தது. நமக்கு இன்னும் நெருக்கமானது ஆக்னஸ் டெனிஸ் 1982இல் செய்தது. நியூயார்க்கில், உலக வர்த்தக மையத்துக்கு அருகே, மனை விலை வானத்தைத் தொட்ட 2 ஏக்கர் நிரப்பு நிலத்தில் கோதுமை விதைத்து அறுவடை செய்தார். அறுவடையோடு படைப்பு முடிந்தது. மனை விலையைத் தவிர வேறு பேச்சில்லாத ஒரகடம் சாலைக்கு அந்த வேலை நேராகவே பேசும்.

கரையும்படி செய்வதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. இதே வட்டாரத்தில்தான் பெருங்கற்காலத்தவர் கல்வட்டங்களை அமைத்தார்கள். 1950களின் தொடக்கத்தில் தொல்லியல் துறை அகழ்ந்த சாணூர் செங்கல்பட்டுப் பக்கம்தான். ஈராயிரம் ஆண்டு தாண்டியும் அந்த வட்டங்கள் நிற்கின்றன. நம் முன்னோர் நிலைக்கும்படிதானே செய்தார்கள் என்று கேட்கலாம். செய்தார்கள், ஆனால் எங்கே, எதற்கு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவை ஈமச் சின்னங்கள். நிலைப்பதே அவற்றின் நோக்கம். பயிருக்கு ஆகாத பாறை மேட்டில், அங்கேயே கிடந்த உருண்டைக் கல்லாலும் செம்புரைக் கல்லாலும் கட்டினார்கள். மேட்டில் கல், தாழ்வில் களி என்று இடம் கொடுத்ததை எடுத்ததால் அவர்கள் வேலைக்கு அந்த ஆயுள் வந்தது. களி கிடக்கும் தாழ்விடத்துக்குக் குவாரிக் கல்லைக் கொண்டுவந்து அதே ஆயுளை வாங்க முயல்வது அவர்களைப் பின்பற்றுவது ஆகாது. ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் 2022இல் நடந்த அகழாய்வில் கற்கருவிகளும் பழைய பானையோடுகளும் கிடைத்தன. நீங்கள் குழி தோண்டும்போது அப்படி ஏதாவது தட்டுப்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். கல்வட்டத்துக் கல் ஒன்றைக்கூட அழகுக்காகப் பெயர்த்து வராதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதல் படி இடமும் அனுமதியும். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையைச் சேர்ந்தது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஏரிக்குள் எதையும் எழுப்ப அவர்களின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். கிடைத்தாலும் கரையிலும், மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய் பக்கத்திலும் மண்வெட்டி படக் கூடாது. கரையில் எடுக்கும் ஒரு கூடை மண் மழைக்காலத்தில் ஊருக்கே ஆபத்து. முதல் முறை செய்பவர்களுக்கு ஏரியே வேண்டாம் என்பேன். பள்ளி மைதானத்தின் ஓரம், ஆலை வளாகத்தின் பசுமைப் பகுதி, தொழிலாளர் விடுதியின் பின்புறம் போதும். மண்ணுக்கும் நேர்வழி உண்டு. 2024இல் அரசு, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரியில் வண்டலும் களியும் கட்டணமில்லாமல் எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என்று நடைமுறையை எளிதாக்கியது. சிற்ப வேலை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே வளாகத்துக் குட்டையைத் தூர்வாரும்போது வரும் மண்ணைக் கேட்டு வாங்குங்கள். உள்ளூர் மண்பாண்டக் கலைஞர் ஒருவரைக் கூலி கொடுத்து ஆசானாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் படலம் மினுக்கும் நீரோரத்து மண்ணையும், மருந்து நெடி வீசும் மண்ணையும் தொட வேண்டாம்.

காலம் மாசி, பங்குனி. அதற்கு முன் மண் ஈரம் விடாது. சித்திரை வெயிலில் அப்பினால் ஒரே நாளில் காய்ந்து வெடிக்கும். அளவுக் கணக்கு இது: வாசலுக்கு ஒன்றரை மீட்டர் விட்டால் சுவரின் நீளம் சுமார் 11 மீட்டர். ஒரு சாணுக்கும் குறைவான கனம், அதாவது 15 சென்டிமீட்டர் வைத்தால் ஏறக்குறைய 1 கன மீட்டர் மண் தேவை. குட்டியானை வண்டியில் இரண்டு நடை. 30 சென்டிமீட்டருக்கு ஒரு குச்சி என்றால் சுமார் 40 குச்சிகள், ஒவ்வொன்றும் 1 மீட்டர். குச்சிக்குச் சீமைக் கருவேலத்தைச் சொல்வேன். நிலத்தைப் பிடித்துக்கொண்ட மரம். வெட்டினால் ஊருக்கு நன்மை. ஆனால் காய் இருக்கும் கிளையை வேலையிடத்துக்குக் கொண்டுவரக் கூடாது. ஆடுமாடு அந்தக் காயைத் தின்று போகும் இடமெல்லாம் விதை போடும். முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும்; தடித்த பூட்சும் தோல் கையுறையும் இல்லாமல் வெட்ட இறங்காதீர்கள்.

முழு வேலையின் வெற்றியும் மண் சோதனையில் இருக்கிறது. இதில் அவசரப்படுகிறவர்களின் சுவர்தான் பங்குனியிலேயே விழுகிறது. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று அடுக்கடுக்காகப் படியும். சுவருக்குக் களி கால் பங்கு அளவில் இருந்தால் போதும். ஏரி மண்ணில் பெரும்பாலும் அதற்கு மேல் இருக்கும். அடுத்து, மண்ணைப் பிசைந்து உள்ளங்கையைவிட அகலமாக மூன்று வில்லைகள் தட்டுங்கள். ஒன்று வெறும் மண், ஒன்றில் மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல், மூன்றாவதில் அதோடு நறுக்கிய வைக்கோலும் உமியும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றிலும் ஈர்க்குச்சியால் சரியாக 10 சென்டிமீட்டர் நீளக் கோடு கீறி, நிழலில் காய விடுங்கள். காய்ந்த பிறகு கோட்டை அளந்து பாருங்கள். வெறும் களியில் கோடு அரை சென்டிமீட்டருக்கு மேலேயே சுருங்கியிருக்கும். ஓரம் கிண்ணம் மாதிரி வளைந்து, கோட்டின் குறுக்கே வெடிப்பு ஓடியிருக்கும். வைக்கோல் கலந்ததில் மூன்று நான்கு மில்லிமீட்டருக்குள் நின்றால் அந்தக் கலவையை எடுத்துக்கொள்ளலாம். நிற்கவில்லை என்றால் மணலைக் கூட்டி மறுபடி வில்லை தட்டுங்கள். கலவை முடிவானதும் நீர் விட்டுக் காலால் மிதித்து, ஈரச் சாக்கு மூடி மூன்று நாள் புளிக்க விடுங்கள். மண் மெழுகு போலப் பணியும்.

தரையில் ஒரு முளை அடித்து, 2 மீட்டர் கயிற்றில் வட்டம் போட்டு, குச்சிகளை 40 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டுக் கெட்டிப்படுத்துங்கள். கரையானுக்குப் பயந்து கழிவு எண்ணெயோ தாரோ பூச வேண்டாம். எட்டு மாதம் தாங்கச் சீமைக் கருவேலத்துக்கு எதுவும் தேவையில்லை. வளையம் உயிரோடு வளர வேண்டுமென்றால் வாசலின் இருபுறமும் மட்டும் பச்சைக் கிளுவைப் போத்து நடலாம், வேர்விடும். பிறகு இளம் மிலாறுகளை, வெட்டிய ஓரிரு நாளுக்குள், ஒரு குச்சிக்கு முன்னும் அடுத்ததற்குப் பின்னுமாகப் பின்னி ஏற்றுங்கள். அடுத்த வரிசையில் முன்பின் மாறி வர வேண்டும். விரல் நுழையும் இடைவெளி இருந்தால்தான் மண் இருபுறமிருந்தும் கைகோத்துப் பிடிக்கும். கட்டுவதற்குப் பனைநார் அல்லது தேங்காய் நார்க் கயிறு. நைலான் ஒரு முழம்கூட வேண்டாம். முதல் பூச்சை உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் எதிரெதிராக நின்று ஒரே நேரத்தில் அறைந்து அப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அப்பினால் காயும்போது சுவர் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பை விரலால் கீறிவிட்டு ஒரு வாரம் ஈரச் சாக்கு நிழலில் காய விடுங்கள். வெடிப்பு வரும், வரட்டும். அந்த வெடிப்பில்தான் இரண்டாம் பூச்சு பிடிக்கும். கடைசியாகச் சலித்த களியும் சாணமும் கரைத்து மெழுகி, ஈரம் பாதி இழுத்ததும் ஆல், வேம்பு, புங்கன் இலைகளை நரம்புப் பக்கம் மண்ணில் படும்படி அழுத்தி எடுங்கள். ஆறு பேர் இருந்தால் மண்ணைத் தயார் செய்த பிறகு மூன்று வாரங்களின் விடுமுறை நாட்களில் முடியும்.

சிமென்ட் பூசினால் என்ன என்ற கேள்விக்குப் பதில் மண்ணின் குணத்தில் இருக்கிறது. களி ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். சிமென்ட் அப்படி அசையாது. முதல் மழையிலேயே இரண்டும் பிரிந்து பூச்சு பாளம் பாளமாக உரியும். உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் சுவர் அடியிலிருந்து அழுகும். பிறகு அந்தச் சில்லுகளை யாராவது பொறுக்க வேண்டும். ஆலைக் கழிவு மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்பது இன்னொரு கேள்வி, இங்கே நியாயமான கேள்வியும்கூட. சரக்குத் தட்டுகளின் மரத்தில் ஹெச்.டி. என்று குத்தியிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது; எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதைத் தொடவே வேண்டாம். முதல் வகையை மேடைக்கோ பெஞ்சுக்கோ தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் ஆணியும் பெயின்டும் எண்ணெயும் சேர்ந்தே வரும். மண்ணில் கரையப்போகும் சுவருக்குள் அவற்றைப் புதைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

எட்டு மாதத்தில் போய்விடப் போவதற்கு இத்தனை உழைப்பா என்று கேட்பவர்களுக்கு: போவது சுவர் மட்டுமே. மண் அறியவும் படல் பின்னவும் கற்ற ஆறு பேர் அடுத்த மாசியில் அதே மண்ணை நனைத்து மறுபடி செய்ய முடியும். ஷிப்டு மாறி மாறி ஓடும் ஊரில், பக்கத்து அறைக்காரரின் பெயர்கூடத் தெரியாதவர்கள் சேர்ந்து ஒரே மண்ணை மிதிப்பது சிறிய விஷயம் அல்ல. புரட்டாசிக் கடைசியில் ஒரு முறை சுற்றி வந்து, கயிறு தளர்ந்த இடங்களையும் வெளியே நீட்டிய கூர்க்குச்சிகளையும் நீக்கிவிடுங்கள். மழையில் பிள்ளைகள் அங்கே விளையாடுவார்கள்.

மார்கழியிலேயே அனுமதி கேட்கும் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். வளையம் பெரிய வேலையாகத் தோன்றினால் இந்த ஆண்டு ஒரு மீட்டர் நீளத் துண்டுச் சுவர் மட்டும் செய்யுங்கள்: நாலு குச்சி, ஒரு கட்டு மிலாறு, அரைத்த மாவு போல மிதித்த ஏழெட்டுக் கூடை மண். ஆனால் அதற்கும் முன்னால் அந்த மூன்று வில்லைகளைத் தட்டிக் காயப்போடுங்கள்.