எம்.பி.பி.எஸ்.ஸுக்கு முன் காளிகாட்டில்

பிளஸ் டூ முடித்ததும் ஓர் ஆண்டு சேவைக்குப் போகலாமா என்று எங்கள் பங்கில் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். போகலாம். ஆனால் நீட் மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். கிடைத்த சீட்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க வழியில்லை. சீட் கையில் இருந்தால் நேரே கல்லூரிக்குப் போங்கள். மறுபடி எழுதப்போகிறவர்களுக்குத்தான் இந்த ஓராண்டு. 2022-இல் மேல் வயது வரம்பையே எடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் சொல்லுங்கள், பாதிக் கவலை தீரும்.

நான் போனது கொல்கத்தாவின் காளிகாட்டுக்கு. காளி கோயிலை ஒட்டிய யாத்ரீகர் சத்திரத்தில் மரணத்தறுவாயில் இருக்கும் ஏழைகளுக்காக அன்னை தெரசா 1952-இல் தொடங்கிய நிர்மல் ஹிருதய் இல்லம். சம்பளம் கிடையாது; தங்குவதும் சாப்பாடும் நம் செலவு. அன்னை தெரசா சபையின் தலைமை இல்லமான மதர் ஹவுஸில் காலைத் திருப்பலி, பிறகு டீ, ரொட்டி, வாழைப்பழம், அங்கிருந்து பஸ். எந்த மதத்தவரும் வரலாம், திருப்பலிக்கு வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. நண்பகலோடு வேலை முடிந்துவிடும் என்பதால் பிற்பகலில் படித்தேன். காலை முழுக்கப் போர்வை துவைத்து, இருவராகப் பிழிந்து, மாடிக்குத் தூக்கிப் போன உடம்பு முதலில் படிக்க ஒத்துழைக்காது, போகப்போகப் பழகும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முன்கூட்டியே தொடங்குங்கள். மூன்றாவது ஊசி, முதல் ஊசி போட்டு ஆறு மாதம் கழித்துத்தான் வரும்.

எனக்குக் கிடைத்த பெரிய பாடம் சோறு ஊட்டுவதில். ஊட்டுவது யாருக்கும் தெரிந்த வேலைதானே என்று தோன்றும். அங்கே வேலை செய்யும் பெண்களை எல்லோரும் மாஷி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மாஷி, படுத்திருந்த அம்மாவை முதலில் நிமிர்த்தி உட்காரவைத்தார். பருப்புச் சோற்றைக் குழைத்து, கரண்டியில் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வாய். அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியும். தெருவில் பட்டினி கிடந்து வந்தவருக்கு, அவர் கேட்டாலும் முதல் நாளே வயிறு நிறையக் கொடுக்கமாட்டார்கள். எம்.பி.பி.எஸ். பாடத்தில்தான் காரணம் புரிந்தது. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இன்சுலின் கூடி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும், இதயமே நின்றுபோகலாம். வகுப்பில் அதைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாவின் முகம் தெரிந்தது. இதற்காகவே ஓர் ஆண்டைக் கொடுக்கலாம்.

டாக்டராகப் போகிற பிள்ளை என்று தெரிந்தால் யாராவது ஊசியையோ புண் கட்டும் சாமானையோ நீட்டக்கூடும். மறுத்துவிடுங்கள். பயிற்சியில்லாத கை ஏழையின் உடம்பில் பழகக்கூடாது. நகம் வெட்டுங்கள், எண்ணெய் தேய்த்துவிடுங்கள், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவையுங்கள். பாஷை தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்காருங்கள். செபிக்கவேண்டும் என்று தோன்றினால் மனத்துக்குள் செபியுங்கள்; அவர்களுடைய சாமி அவர்களுக்கு இருக்கிறது.

போகும் முன் இந்த இல்லத்தைப் பற்றிய விமர்சனத்தையும் படியுங்கள். லான்செட் மருத்துவ இதழின் அப்போதைய ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் 1994-இல் நேரில் பார்த்துவிட்டு, நோயைக் கண்டறிவதிலும் வலியைத் தணிப்பதிலும் உள்ள குறைகளை எழுதினார். விசுவாசக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு அது கசந்தது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. கையைப் பிடித்துக்கொண்டால் தனிமை குறையும், புற்றுநோய் வலி குறையாது. அதற்கு மார்ஃபின் வேண்டும், அதை அளவறிந்து கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் மார்ஃபின் கிடைப்பதே அரிதானது. 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். நான் ஏன் மருத்துவம் படிக்கவேண்டும் என்ற கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்தான் கிடைத்தது.

அதனால் காளிகாட்டோடு நிறுத்தாமல், முடிந்தால் கோழிக்கோட்டுக்கும் போங்கள். 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் அங்கே தொடங்கிய வலி நிவாரண இயக்கத்தில், மருத்துவத்தோடு ஊர்க்காரர்களும் தொண்டர்களாகச் சேர்ந்து வீடு வீடாகப் போகிறார்கள். என் அடுத்த விடுமுறை அங்கேதான்.