வரி கொடுக்க மறுத்த ஊருக்கு ஒரு வழிகாட்டி

பாஸ்டன் நகரத்து நடைபாதைகளில் செங்கல் நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. ஃப்ரீடம் டிரெயில் என்று பெயர். நாலு கிலோமீட்டர் நீளம், 16 இடங்கள். பாஸ்டன் காமன் பூங்காவில் தொடங்கி, ஆற்றுக்கு அக்கரையில் பங்கர் ஹில் நினைவுத்தூணில் முடிகிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து, தலைவர்களின் கல்லறைகளை முதலிலும் அவர்கள் செய்த காரியங்களைப் பிறகும் பார்க்கிறார்கள். அமெரிக்கக் காலனிகளின் புகார் எப்படிப் போராக முற்றியது என்று தெரிய வேண்டுமானால், அந்த வரிசையை மறந்துவிடுங்கள்.

ஸ்டேட் என்ற சுரங்க ரயில் நிலையத்தில் இறங்குங்கள். நிலையத்தின் வாசல்களில் ஒன்று ஓல்டு ஸ்டேட் ஹவுஸின் அடித்தளத்திலேயே இருக்கிறது. 1713-இல் கட்டிய செங்கல் மாளிகை. சுற்றிலும் வானுயர்ந்த வங்கிக் கட்டடங்கள் நெருக்க, சிறுத்துப்போய் நிற்கிறது. கூரை விளிம்பில் இங்கிலாந்து அரசின் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் இன்னும் உண்டு. பழைய சிலைகளை 1776-இல் மக்கள் இறக்கிக் கொளுத்திவிட்டார்கள். இவை பின்னால் வைத்தவை.

1761-இல் இங்கேதான் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற வழக்கறிஞர், சுங்க அதிகாரிகள் எவர் வீட்டிலும் புகுந்து சோதனை போட வழிசெய்த பொது வாரண்டை எதிர்த்து மணிக்கணக்கில் வாதாடினார். வழக்கு தோற்றது. ஆனால் பார்வையாளர்களில் ஜான் ஆடம்ஸ் என்ற இளம் வக்கீல் இருந்தார், பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. இரண்டு வருடம் கழித்து, பிரான்ஸுடன் நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தபோது இங்கிலாந்தின் கஜானா கடனில் மூழ்கியிருந்தது. உங்களைக் காக்கத்தானே இவ்வளவு செலவு, கொஞ்சம் நீங்களும் கொடுங்கள் என்றது லண்டன். கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 1765-இல் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் முத்திரை வரி. உங்கள் பார்லிமெண்டில் எங்களுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லை, எங்கள் பையில் கைவிட நீங்கள் யார் என்று காலனிகள் திருப்பிக் கேட்டன. அடுத்த வருடமே சட்டம் வாபஸ் ஆனது. கூடவே, உங்கள்மேல் எந்தச் சட்டமும் போட எங்களுக்கு உரிமை உண்டு என்று இன்னொரு சட்டத்தையும் லண்டன் நிறைவேற்றிக்கொண்டது. சண்டை தொகையைப் பற்றியதல்ல, உரிமையைப் பற்றியது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

மாளிகையின் பால்கனிக்கு எதிரே தரையில் கற்களால் ஆன ஒரு வட்டம். 1770 மார்ச் 5 அன்று சிப்பாய்கள் சுட்டு ஐந்து பேர் இறந்ததன் நினைவு. சுமார் 16,000 பேர் வாழ்ந்த ஊரில் 1768 முதல் பட்டாளம் குடியிருந்தது. சம்பளம் போதாத சிப்பாய்கள் ஓய்வு நேரத்தில் குறைந்த கூலிக்கு வேலைக்குப் போக, கயிறு திரிக்கும் தொழிலாளிகளுக்கும் அவர்களுக்கும் அடிதடி நடந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. சிப்பாய்களுக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் அதே ஜான் ஆடம்ஸ். ஆறு பேர் விடுதலை. இரண்டு பேருக்குக் கட்டைவிரலில் சூடு. உள்ளே, இந்தச் சம்பவத்தை வைத்துப் பால் ரிவியர் என்பவர் செய்த புகழ்பெற்ற அச்சுப்படத்தையும் தேடிப் பாருங்கள். அதிகாரி கைகாட்ட, சிப்பாய்கள் வரிசையாக நின்று சுடுவதுபோல் இருக்கும். நடந்தது அப்படியல்ல, பிரச்சாரத்துக்குப் படம் எவ்வளவு உதவும் என்பதற்கு அது பாடம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஓல்டு சவுத் மீட்டிங் ஹவுஸ். ஊரில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே வாருங்கள். வெள்ளைச் சுவர், உயர்ந்த ஜன்னல்கள், அலங்காரம் கிடையாது. 1773 டிசம்பர் 16 அன்று சுமார் 5,000 பேர் உள்ளும் வெளியுமாகத் திரண்டு கவர்னரின் பதிலுக்குக் காத்திருந்தார்கள். சென்னையிலும் கல்கத்தாவிலும் கோட்டை கட்டி ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் தத்தளித்தது. கிடங்கில் தேங்கிய அதன் சீனத் தேயிலையை அமெரிக்காவில் தள்ளிவிட அந்த வருடம் ஒரு சட்டம் போட்டார்கள். அதனால் தேயிலை விலை இறங்கவே செய்தது. ஆனால் ஏற்கெனவே இருந்த பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் அப்படியே நீடித்தது. வாங்கிக் குடித்தால் வரிக்குத் தலையாட்டியதாக ஆகும். தேயிலையை விற்கும் உரிமை பெற்றவர்களில் கவர்னர் ஹட்சின்சனின் மகன்கள் இரண்டு பேர் இருந்தார்கள் என்பது எரிகிற நெருப்பில் நெய். தேயிலைக் கப்பல்களைத் திருப்பி அனுப்ப முடியாது என்று மாலையில் பதில் வந்தது. அன்றிரவே 342 தேயிலைப் பெட்டிகள் கடலுக்குள் போயின.

பின்னால் ஊரைப் பிடித்து வைத்திருந்த ஆங்கிலேயர்கள் இதே மண்டபத்தின் பெஞ்சுகளைப் பெயர்த்து, மண் கொட்டி, குதிரையேற்றம் பழகினார்கள். உள்ளே உட்கார்ந்து பொறுமையாக அண்ணாந்து பாருங்கள், அவசரப்பட வேண்டாம்.

தேயிலை கொட்டிய துறைமுகத்தைத் தேடிப் போகாதீர்கள். அந்த இடம் தூர்ந்து தெருவாகிவிட்டது. போலிப் பெட்டிகளை எறியவிடும் கப்பல் காட்சி ஒன்று வேறிடத்தில் உண்டு. குழந்தைகள் இல்லாதவர்கள் தவிர்க்கலாம்.

ஃபேனுல் ஹாலும் அதையடுத்த சந்தையும் வேறு ரகம். மண்டபம் பார்க்கத் தகுந்தது, இலவசம். வாசலில் நிற்கிற கூட்டம்தான் தலைவலி. இதை எழுதுபவர் அங்கே நின்றபோது சிவப்புக் கோட்டு போட்ட ஒருவர் ஓடிவந்தார். கேட்காமலே கையில் ஒரு மரத்துப்பாக்கியைத் திணித்தார், செல்போனைப் பிடுங்கி நாலு படம் எடுத்தார், பிறகு இருபது டாலர் என்றார். வேண்டாம் என்றால் போனைத் திருப்பித் தரவில்லை. சுற்றி நின்றவர்கள் இதுவும் நாடகத்தில் சேர்த்தி என்று சிரித்தார்கள். பத்து டாலர் கொடுத்துத்தான் போன் கைக்கு வந்தது. வரிக்கு எதிராகக் கொதித்த ஊரில், சம்மதம் கேட்காமல் வசூல்! கையை நீட்டிக்கொண்டு வேஷக்காரர் யார் வந்தாலும் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடையைக் கட்டுங்கள். சாப்பாட்டையும் சந்தையில் வைத்துக்கொள்ளாமல், பத்து நிமிடம் நடந்து நார்த் எண்டு பகுதியில் இத்தாலியக் கடைகளில் முடித்துக்கொள்ளுங்கள்.

அங்கேயே பால் ரிவியரின் மரவீடும், 1723-இல் கட்டத் தொடங்கிய ஓல்டு நார்த் சர்ச்சும் இருக்கின்றன. தேயிலைக்குத் தண்டனையாக 1774-இல் லண்டன் அரசு பாஸ்டன் துறைமுகத்தையே மூடியது, ஊர்க்கூட்டங்களைக் கட்டுப்படுத்தியது. ஒரு ஊரை ஒடுக்கப் போட்ட சட்டங்கள் மற்றக் காலனிகளையும் பாஸ்டன் பக்கம் சேர்த்துவிட்டன. 1775 ஏப்ரல் 18 இரவு, பட்டாளம் ஆற்றைக் கடந்து கான்கார்டு என்ற ஊரை நோக்கிப் புறப்படுகிறது என்பதற்கு அடையாளமாக இந்தக் கோபுரத்தில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. செய்தி சொல்லப் பால் ரிவியர் குதிரையில் விரைந்தார். ஆனால் கான்கார்டு போய்ச் சேரவில்லை, வழியில் பிடிபட்டார். செய்தியைக் கொண்டுசேர்த்தவர் சாமுவேல் பிரெஸ்காட் என்ற மருத்துவர். அவருக்கு இவ்வளவு புகழ் இல்லை.

உங்கள் பயணத்தின் மறுநாள் முழுவதையும் கான்கார்டுக்கும் அதன் வழியிலுள்ள லெக்சிங்டனுக்கும் ஒதுக்குங்கள். லெக்சிங்டன் திடலில் 1775 ஏப்ரல் 19 விடியற்காலையில் காலனிக்காரர்கள் எட்டு பேர் இறந்தார்கள். கான்கார்டில் நார்த் பிரிட்ஜ் ஒரு சின்ன மரப்பாலம். பழையதைப்போல் திரும்பக் கட்டியது. விவசாயிகளும் தச்சர்களும் அடங்கிய படை அரசனின் பட்டாளத்தைச் சுட்டுப் பின்வாங்க வைத்தது இங்கே. பாலத்தருகே ஆங்கிலேயச் சிப்பாய்களின் சமாதியும் இருக்கிறது. திரும்பும் வழியெல்லாம் கற்சுவர்களுக்குப் பின்னாலிருந்து தோட்டா. அன்று மட்டும் ஆங்கிலேயர் தரப்பில் 73 பேர் செத்தார்கள். அந்தச் சாலையில் ஒரு பகுதி இப்போது நடைபாதை, மரநிழலில் நடக்கலாம். பாஸ்டனில் கிடைக்காத நிதானம் இங்கே கிடைக்கும்.

முழங்கால் ஒத்துழைத்தால் பங்கர் ஹில் தூணில் 294 படி ஏறுங்கள். லிஃப்ட் இல்லை, கட்டணமும் இல்லை. 1775 ஜூன் 17 அன்று குன்றைப் பிடித்த ஆங்கிலேயர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பலியாகியோ காயப்பட்டோ இழந்தார்கள். பிற்பாடு பிரான்சும் சேர்ந்துகொள்ள, இந்தப் போர் நம் ஊர் வரை வந்தது: 1783 ஜூனில் கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டு, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்ட செய்தி வரும்வரை பிரெஞ்சுக்காரர்களோடு மோதினார்கள்.

செலவு, போக்குவரத்து: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர சில்வர் லைன் பஸ் இலவசம். ஓல்டு சவுத், ஓல்டு ஸ்டேட் ஹவுஸ் இரண்டுக்கும் ஒரே டிக்கெட். கான்கார்டுக்கு நார்த் ஸ்டேஷனிலிருந்து ரயில். இறங்கிப் பாலத்துக்கு அரை மணி நடை. லெக்சிங்டனையும் சேர்த்துப் பார்க்கக் கார்தான் வசதி. ஏப்ரல் மூன்றாம் திங்கள் விடுமுறையையொட்டி லெக்சிங்டனில் சண்டையை நடித்துக் காட்டுவார்கள். அதே திங்களன்று மாரத்தானும் உண்டு. அறை வாடகை எகிறும், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.