ஆறாவது வாயிலைக் காப்பது எங்ஙனம்?



மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் விடியற்கால ரயிலில் தங்கவயல் இளைஞர் பலர் வைட்ஃபீல்டுக்கு வேலைக்கு வருகின்றனர். 2001ஆம் ஆண்டு தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. மண்ணுக்குள் இறங்கிய பாட்டன்மாரின் பேரர்கள் இன்று கணிப்பொறியின் முன் அமர்கின்றனர். பாட்டனாரிடம் தோள்வலி கேட்கப்பட்டது; பேரனிடம் கேட்கப்படுவதோ கவனம். ரயிலில் ஏறியதும் தலைகள் யாவும் கைப்பேசியை நோக்கிக் குனிகின்றன. இதனைப் பழிப்பதற்கன்று, ஆராய்வதற்கே ஈண்டு எழுதுகிறோம்.

பன்னிரு நிதானங்களுள் ஐந்தினை மணிமேகலை நூல் வாயில், ஊறு, நுகர்ச்சி, வேட்கை, பற்று எனத் தமிழில் பெயரிட்டு வழங்குகிறது. கைப்பேசி மணி ஒலிக்கிறது, செவி வாயில். ஒலி செவியைத் தீண்டுவது ஊறு. அதனால் எழும் சிற்றின்பம் நுகர்ச்சி. மீண்டும் மணி ஒலிக்காதா என ஏங்குவது வேட்கை. மணி ஒலியாதபோதும் எடுத்துப் பார்ப்பது பற்று.

மூளைநூலார் கூறுவதும் இதற்கு மாறன்று. ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள. அடிக்கடி பயிலும் வழி அவற்றினிடையே உறுதிப்படும். பயிலா வழி தளரும். நாம் ஆலையில் தறிமுன் நின்ற நாளில் சங்கு ஊதியதும் கால்கள் தாமே நடக்கும். வேலையை விட்டபின்னும் பல மாதங்கள் அவ்வேளையிலேயே விழித்தெழுந்தோம். பழக்கம் மூளையில் பதிவது இங்ஙனமே. அதன் துன்பம் கண்டே, பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையம் 2014இல் இத்தகைய பழக்கத்தால் அல்லலுறுவோர்க்கெனத் தனி மருத்துவப் பிரிவு தொடங்கிற்று. மின்விளையாட்டுக் கோளாறு, 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது.

கைப்பேசி நிற்பது கண், செவி முதலிய வாயில்களில். ஆறாவது வாயிலாகிய மனத்தின் அருகே மற்றொரு யந்திரம் வந்து நிற்கிறது. 1924இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். 2004இல் அமெரிக்காவில் கைகால் அசையாத ஒருவரின் மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டன. கையை அசைக்க எண்ணிய அளவில் கணிப்பொறித் திரையின் குறியை அவர் நகர்த்தினார். 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் 1,024 மின்முனைகளைத் தாங்கிய 64 மெல்லிழைகளை ஒருவரின் மூளையில் பொருத்தியது. சில வாரங்களில் சில இழைகள் இடம் பெயர்ந்தன. எனினும் கணிப்பு முறையைத் திருத்தியபின் அவர் தொடர்ந்து பயன்படுத்தினார்.

இக்கருவி உள்ளத்தின் இரகசியம் யாவும் அறியும் என அஞ்ச வேண்டா. அசைக்க எண்ணுங்கால் எழும் மின்குறிகளையே அது கணிக்கிறது. பயிற்சியால் மூளையும் கருவிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது.

நோயுற்ற பிக்குவைத் தம் கையால் நீராட்டிய பகவனின் வழிவந்த நாம், முடங்கியவர்க்கு உதவும் கருவியை வெறுத்தல் தகாது, அது கருணையின்பாற்பட்டது. ஆயின் ஒன்று சிந்திக்கத்தக்கது. எண்ணமே வினை என்பது பகவன் போதனை. எண்ணம் பிறக்கும் இடத்தின் குறிகள் வாணிபப் பொருளாயின், அவற்றுக்குரியவர் யார்? சிலி நாடு 2021இல் மூளையின் செயலையும் அதனின்று பெறும் செய்தியையும் காக்கத் தன் அரசியலமைப்பையே திருத்தியது. சட்டம் வெளிக்காவல், உட்காவலோ நமதே. இன்று கண்வாயிலைக் காக்கப் பழகாதவர், நாளை மனவாயிலை எங்ஙனம் காப்பர்?

ஆதலின் இரண்டு பயிற்சிகளைக் கைக்கொள்வோம். பங்காருப்பேட்டை முதல் மாலூர் வரை கைப்பேசியைப் பையிலிட்டு மூச்சினைக் கவனிப்போம். கை தானே பையை நாடின், வேட்கை எழுந்தது என அறிவோம். உபோசத நாளில் ஆடல் பாடல் காட்சிகளை விலக்குவது எண்சீலத்துள் ஒன்று. பையில் கிடக்கும் நாடகசாலையும் அதில் அடங்கும் என்றுணர்ந்து, அன்று அதனை மூடி வைப்போம்.

வாயில் காப்போர் மனை காப்பர். யாவரும் நலமடைக!