மாமாவின் மிருதங்கமும் மொசார்ட்டின் ஓப்பராவும்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது ரோபோ, சோலார், மின்சார வாகனம் எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டீர்கள். எனக்கு மிஞ்சியது எங்க மாமாதான். அவரை வைத்து ஐரோப்பிய ஓப்பராவைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் படிக்கவும்.

முதலாண்டு சேர்ந்த அன்றைக்கு வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து வீட்டைப் பற்றிச் சொன்னோம். என்னைப் படிக்க வைப்பவர் தாய்மாமன். அவருக்கு என்ன தொழில் என்று கேட்டதற்கு "விவசாயம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது பொய். மாமா நாடகத்துக்கு மிருதங்கம் வாசிக்கிறவர். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் பாதி ராத்திரி வீட்டில் தங்க மாட்டார்.

போன வருஷம் ஆடியோ செமினாருக்காகக் குரலின் அதிர்வெண் பற்றித் தேடியபோதுதான் மொசார்ட் அகப்பட்டார். ஆஸ்திரியாக்காரர், 1756-ல் பிறந்தவர். ஓப்பரா என்றால் பாட்டாலேயே கதையை நடத்துகிற நாடகம். அவருடைய 'மாயப் புல்லாங்குழல்' ஓப்பராவில், ராத்திரியின் ராணி தன் மகள் கையில் கத்தியைக் கொடுத்து ஒருவரைக் கொல்லச் சொல்லிப் பாடுகிறாள். அதில் தொடுகிற உச்ச ஸ்வரம் சுமார் 1397 ஹெர்ட்ஸ். நம்ம ஆர்மோனியக் கணக்கில் நடு ஸ்தாயி 4 கட்டை 349 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே இன்னும் இரண்டு ஸ்தாயி! அதுவும் மைக் இல்லாமல்.

மைக் இல்லாமல் ஒரு பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டி ஒரு தொண்டை எப்படிக் கேட்கிறது? நம்ம பாடத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. வாத்தியக் குழுவின் பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கம் குவிகிறது. பழகிய பாடகர், முக்கியமாக ஆண் குரல், 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சத்தத்தைக் குவிக்கிறார். அங்கே வாத்தியங்களின் போட்டி குறைவு, நம் காதும் அங்கேதான் கூர்மை. ஆக, தொண்டையே ஒரு ஈக்வலைசர்.

இதை மாமாவிடம் செல்போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"மாப்ளே, இதுக்கு எத்தனை நாள் ஒத்திகை?"

"வாரக்கணக்குல இருக்கும் மாமா."

"நமக்கு மேக்கப் போடுற எடத்துல அஞ்சு நிமிஷம்" என்றார். பெருமையா, வருத்தமா தெரியவில்லை.

அவர் சொன்னது நிஜம். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர். தனித்தனியாக 'டேட்' வாங்கிக்கொண்டு வந்து மேடையில்தான் சந்திப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிகிற வரை நடக்கும். ஒத்திகையே இல்லாமல் இது எப்படிச் சாத்தியம் என்றால், எல்லாருக்கும் ஒரே வாத்தியார். சங்கரதாஸ் சுவாமிகள்.

1867-ல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் நாடகத்துக்கு வந்து எமன், இராவணன், இரணியன் வேஷமெல்லாம் கட்டினார். நம்ம புதுக்கோட்டைக்கு வந்து மான்பூண்டியா பிள்ளையிடம் தாள நுட்பம் கற்றார். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய அதே மான்பூண்டியா பிள்ளைதான். சுவாமிகளின் பாட்டில் வார்த்தை சந்தத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடுவதற்குப் புதுக்கோட்டைத் தண்ணீரும் ஒரு காரணம் என்பது என் கட்சி. 1918-ல் மதுரையில் பையன்களை வைத்து ஒரு சபை நடத்தினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்து சினிமாவுக்குப் போன நம்ம ஊர் பி.யு. சின்னப்பாவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

'அபிமன்யு சுந்தரி' என்ற நாலு மணி நேர நாடகத்தைச் சுவாமிகள் ஒரே ராத்திரியில் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார் என்று டி.கே. சண்முகம் எழுதியிருக்கிறார். மொசார்ட்டைப் பற்றியும் இப்படி ஒரு கதை உண்டு. 1787-ல் பிராக் நகரில் அரங்கேறிய 'டான் ஜியோவானி'யின் முகப்பு இசையைக் கடைசி நேரத்தில் ஒரு ராத்திரியில் முடித்தாராம். ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. மொசார்ட்டுக்கு வசனம் எழுத வேறு ஆள். அவர் வேலை புது இசை. சுவாமிகள் எழுத்து முழுவதும் தன்னுடையது. மெட்டில் பல, ஊரில் ஏற்கனவே புழங்கியவை. ஒருவரை வைத்து மற்றவரை அளக்க முடியாது.

ஆனாலும் 'மாயப் புல்லாங்குழல்' நமக்குக் கிட்டத்துச் சொந்தம். அரண்மனைக்காக எழுதியதில்லை, 1791-ல் வியன்னாவின் புறநகர்க் கொட்டகையில், ஊர் ஜனங்களின் ஜெர்மன் மொழியில் நடந்தது. இடையிடையே பேச்சு வசனமும் உண்டு. பறவை பிடிக்கிற பப்பகேனோ அசல் பபூன். நம்ம வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடிப் பறவையை விரட்டுகிறாள், அவன் பிடிக்கிறான்! முதல் நாள் மொசார்ட்டே வாத்தியக் குழுவை நடத்தினார். அடுத்த ஒன்பது வாரத்தில், 35 வயதில் இறந்துபோனார். சுவாமிகள் 1922-ல், 55 வயதில்.

நம்ம மேடையில் அந்த நடத்துகிற வேலை ஆர்மோனியக்காரருடையது. இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். லீவில் ஒரு மைக் செட்காரரோடு வேலைக்குப் போனேன். அன்றைக்கு வள்ளி திருமணம், மிருதங்கம் எங்க மாமா. நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடுபிடித்த நேரம். குரல் தூக்கலாக இருக்கட்டும் என்று எக்கோவைக் கூட்டி, ஆர்மோனியத்தைக் குறைத்துவிட்டேன். ஸ்பீக்கர் சத்தத்தில் வள்ளிக்குச் சுருதி கேட்கவில்லை. பாட்டெடுத்தவர் அரைக்கட்டை கீழே விழுந்து நின்றார். கூட்டத்தில் விசில். மாமா சட்டென்று ஒரு தீர்மானம் வைத்து, பாட்டு அங்கேயே முடிந்த மாதிரி ஆக்கிவிட்டார். நாரதரும் புரிந்துகொண்டு வசனத்துக்குத் தாவினார். ஒத்திகை இல்லாதவர்கள் ஒருவரை ஒருவர் எப்படித் தாங்குகிறார்கள் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

விடிந்து டீக்கடையில் மாமா திட்டவில்லை. "பெட்டிக்காரருக்குக் கொறச்சா அந்தப் பொண்ணு என்னத்தப் புடிச்சுக்கிட்டுப் பாடும்?" என்று மட்டும் கேட்டார். வள்ளியாக நடித்த அக்கா என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு அடுத்த ஊர் பஸ் ஏறினார்.

வர்ற சித்திரையிலும் மாமாவுக்கு டேட் இருக்கு. வர்றவங்க முன்னாடியே சொல்லுங்க, மிக்சர் பக்கத்துல இடம் பிடிச்சு வைக்கிறேன். பாய் மட்டும் நீங்க கொண்டு வரணும்.