அழகரைப் பார்க்க ஆற்றுக்குள் இறங்க வேண்டாம்

சித்திரை, வைகாசி ஆலோசனை: அறுபதைத் தாண்டிய மதுரைக்காரர்களுக்கும், அவர்களை வெளியே விடப் பயப்படும் பிள்ளைகளுக்கும்

மீனாட்சியம்மன் கோயிலில் கொடியேறப் போகிறது. வீடுகளில் வழக்கமான வாக்குவாதமும் ஆரம்பித்திருக்கும். "இந்த வெயில்ல எங்கம்மா கிளம்புறீங்க, டிவியிலதான் நேரடியா காட்டுறாங்களே" என்பார் மகன். "அழகர் வர்ற அன்னைக்கு வீட்டுக்குள்ள உக்காந்திருக்கவா" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். மகன் பயப்படுவதில் தப்பில்லை. பகலில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. மே 4 வாக்கில் கத்திரியும் தொடங்கி, 28 வரை நீளும். ஆனாலும் நாம் அம்மா பக்கம்தான். வருஷம் முழுக்க நாலு சுவருக்குள் இருப்பவர்கள் அக்கம்பக்கத்தையும் சொந்தபந்தத்தையும் ஒருசேரப் பார்ப்பது இந்த இரண்டு மாதத்தில்தான். போங்கள். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாக, கோயில் வெளியிடும் நிகழ்ச்சி நிரலை வாங்கி நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பட்டாபிஷேகம், திருக்கல்யாணம், தேர் ஆகிய மூன்றைத்தான் எல்லோரும் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அவை எட்டாம், பத்தாம், பதினோராம் நாட்கள். கொடியேறிய மறுநிமிடமே திருவிழா தொடங்கிவிடுகிறது என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. முதல் நாள் இரவு சுவாமி கற்பக விருட்சத்திலும் அம்மன் சிம்மத்திலும் மாசி வீதிகளில் வலம் வருவார்கள். மூன்றாம் நாள் கைலாச பர்வதமும் காமதேனுவும். இந்த முதல் வாரத்து மாலைகள்தான் உங்களுக்கானவை. கூட்டம் குறைவு, வெயில் தாழ்ந்திருக்கும், தெரிந்த கடைக்காரர் ஸ்டூல் எடுத்துப் போடுவார். சுவாமிக்கு முன்னால் மீனாட்சி வேஷம் போட்ட பொடிசுகளும் கோலாட்டக் குழுக்களும் வரும். பேத்தியை அழைத்துப் போக இதைவிடத் தோதான நாள் கிடையாது.

திருக்கல்யாணத்தைக் கோயிலுக்குள் உட்கார்ந்து பார்க்க ஆசை இருக்கலாம். டிக்கெட்டே கிடைத்தாலும் விடியற்காலையிலேயே போய் உட்கார்ந்து, முடியும் வரை எழுந்திருக்க முடியாது. முட்டி வலிக்காரர்களுக்கும் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியவர்களுக்கும் இது சரிப்படாது. மங்கல நாண் பூட்டும் நேரத்தில் வீட்டிலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள் இந்த ஊரில் ஏராளம். அதில் குறையொன்றும் இல்லை. அன்று இரவே சுவாமி யானை வாகனத்திலும் அம்மன் பூப்பல்லக்கிலும் வீதிக்கு வருகிறார்கள். மணமக்களை அப்போது பாருங்கள்.

இனி அழகர். இதில் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கக் குதிரையில் அவர் வைகையில் இறங்கும் அந்த அதிகாலைக்கு ஆற்றுக்குள் போகாதீர்கள். 2022-இல் அந்த நெரிசலில் சிக்கி இருவர் இறந்தார்கள். கூட்டம் நெருக்கும்போது இளவட்டம் கையால் ஊன்றித் தப்பிக்கும். எழுபது வயதுக்காரர் ஒருமுறை கீழே விழுந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். பக்தர்கள் தோல் பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரால் தரையெல்லாம் சகதி. இடுப்பு எலும்பு முறிய அது போதும்.

அழகரே நம் தெருவுக்கு வருகிறார். அழகர்மலையிலிருந்து இறங்கி மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்றுதான் வருகிறார். அந்தப் பாதையில் உறவினர் வீடு இருந்தால், ஊரார் அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு முந்தின நாள் மாலையே போய்த் தங்கிவிடுங்கள். வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தால், கள்ளர் வேடத்தில், கையில் வளரித்தடியோடு வருபவரைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். சர்க்கரைக் கிண்ணம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சர்க்கரைக்கு மேல் எரியும் தீபம் முன்னால் நிற்பவரின் முந்தானை உயரத்தில்தான் இருக்கிறது. பல்லக்கு கண்ணில் பட்ட பிறகு ஏற்றுங்கள், நகர்ந்ததும் அணைத்துவிடுங்கள்.

வரும்போது தவறவிட்டால் திரும்பும்போது பிடித்துக்கொள்ளலாம். ஆற்றில் இறங்கிய பிறகு வண்டியூர், மறுநாள் தேனூர் மண்டபம், அன்று இரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம். அதற்கு அடுத்த நாள் இரவும் கழிந்து, விடியற்காலையில் தல்லாகுளத்திலிருந்து பூப்பல்லக்கு. என் கணக்கில் முதியவர்களுக்கு மொத்தத் திருவிழாவிலும் சிறந்த காட்சி இந்தப் பூப்பல்லக்குதான். ஆற்றங்கரைக் கூட்டத்தில் பாதி ஊர் திரும்பியிருக்கும், வெயில் ஏறுவதற்குள் நீங்களும் வீடு வந்து சேரலாம்.

இப்போது யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயம். வெயிலில் மயங்கி விழும் பாட்டிகளை விசாரித்தால் பலரும் காலையிலிருந்து தண்ணீரே குடித்திருக்க மாட்டார்கள். போகும் இடத்தில் கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்று வாயைக் கட்டிவிடுகிறார்கள். பிரஷருக்கோ இதயத்துக்கோ டாக்டர் கொடுத்த நீர் மாத்திரையையும் அன்றைக்கு மட்டும் விட்டுவிடுகிறார்கள், அல்லது மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீரை விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. வயது ஏற ஏறத் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். உடம்பில் நீர் வற்றிய பிறகும் நாக்கு சொல்லாது. அதனால் கிளம்புவதற்கு முன்பே கழிப்பறைக்கு வழி பார்த்து வையுங்கள். மாசி வீதியில் யார் வீடு, எந்த ஓட்டலில் சாப்பிட்டால் உள்ளே விடுவார்கள், எந்தக் கல்யாண மண்டபம் அன்று திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளே, அம்மாவிடம் "தண்ணி குடிச்சீங்களா" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "பாத்ரூமுக்கு அத்தை வீட்ல சொல்லி வெச்சிருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். பாட்டில் தானாகக் காலியாகும். நீர் மாத்திரை நேரத்தை அன்றைக்கு மாற்றலாமா என்பதை இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தண்ணீர்ப் பந்தல்களில் கிடைப்பதை எல்லாம் ஒரே கணக்கில் குடித்துவிடவும் கூடாது. பானகத்தில் வெல்லம், நீர்மோரில் உப்பு. சர்க்கரைக்காரரும் பிரஷர்காரரும் ஒரு வாயோடு நிறுத்திக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் ஆகாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான். ஜிகர்தண்டா குடிக்க வேண்டும் என்று தோன்றினால் ஒரு கோப்பையை இருவர் பகிர்ந்து குடியுங்கள். நுங்கு கிடைத்தால் விட வேண்டாம். வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டிலாவது கையில் இருக்கட்டும். பந்தல் ஐஸ் எங்கிருந்து வந்தது என்று பந்தல்காரருக்கே தெரியாது.

இன்சுலின் போடுகிறவர்கள் பேனாவை ஸ்கூட்டர் டிக்கியிலோ நிறுத்தி வைத்த காரிலோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் மருந்து வீரியம் இழந்துவிடும், பார்த்தால் தெரியாது. சின்ன ஃபிளாஸ்க் ஒன்றில், ஐஸில் நேராகப் படாமல், துணி சுற்றி வைத்தால் அரை நாள் தாங்கும்.

சர்க்கரைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செருப்பைக் கோயில் வாசலில் விட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு மேல் ஆடி வீதிக் கல்லில் கால் வைத்தால் மற்றவர்கள் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடுவார்கள். பல வருஷச் சர்க்கரையில் பாதம் மரத்துப் போனவர் துள்ள மாட்டார். நிதானமாகச் சுற்றி வருவார். கொப்புளம் இரவில்தான் தெரியும், அதுவும் பேரன் பார்த்துச் சொன்னால். தேங்காய்நார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தால் அதைவிட்டு இறங்காதீர்கள். தடித்த பருத்திக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். காலை ஒன்பதுக்குள் போய்த் திரும்பிவிட்டால் இந்த வம்பே இல்லை. வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும்.

கூட வருபவருக்கு: தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு என்று சொன்னால் உடனே நிழல், தண்ணீர், ஓய்வு. பேச்சு குழறினாலோ, நாளும் இடமும் மறந்து உளறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது வெப்ப வாதம். 108-ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றக் கூடாது. கூட்டத்தில் செல்போன் கோபுரம் திணறும் என்பதால், பெயரும் வீட்டு எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று இடுப்புப் பையிலோ சட்டைப் பையிலோ கட்டாயம். சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

திருவிழா இல்லாத நாட்களிலும் பகல் நீளம்தான். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெயிலில் இருக்கவே கூடாது. அதற்காக மின்விசிறிக்குக் கீழேயே கிடக்கவும் வேண்டாம். புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஏசி இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, சுத்தமான கழிப்பறை இருக்கிறது. காலையில் போய்ப் பத்திரிகைகளைப் புரட்டி, நண்பர் ஒருவரையும் வரச் சொல்லி, வெயில் தாழத் திரும்பலாம். கோடைக்கு மதுரையில் இதைவிட நல்ல திண்ணை இன்றைக்கு இல்லை. ராணி மங்கம்மாள் கால அரண்மனையில் 1959-இல் தொடங்கிய காந்தி அருங்காட்சியகமும் மர நிழல் உள்ள இடம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் இல்லை என்பதால், நாலு தோழிகள் சேர்ந்து கிளம்பச் செலவு என்று ஒன்றும் கிடையாது. மாலையில் வண்டியூர் தெப்பக்குளக் கரை.

கோடையைச் சமாளிக்கக் குளிர்ந்த இடம் தேடுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. திருமலை நாயக்கர் சுவாமிக்கே வசந்த விழாவுக்கென்று புதுமண்டபத்தைக் கட்டிக் கொடுத்தார்.

வைகாசியில் சொந்த ஊர்க் கோயில் பொங்கலுக்கு அழைப்பு வரும். ராத்திரி வள்ளி திருமணம் நாடகம் இருந்தால் தாத்தாவை வேண்டாம் என்று தடுக்காதீர்கள். பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும் வரை நடக்கும், உண்மைதான். மதியம் இரண்டு மணி நேரம் தூங்க வைத்து, ராத்திரி மாத்திரையையும் சாப்பாட்டையும் நேரத்துக்குக் கொடுத்து, சாய்மான நாற்காலியோடு அனுப்புங்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் முடிந்ததும் எழுந்து வந்துவிடலாம். ஒலிபெருக்கிக்கு எதிரே மட்டும் உட்கார வேண்டாம். குற்றாலப் பயணத்தை ஆனி பிறந்து சாரல் விழுந்த பிறகு, வார நாளில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியைப் பிடிக்காமல் அருவிக்குக் கீழே போகக் கூடாது.

கடைசியாக, மண்டகப்படி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தலும் பூவும் வாணமும் குறைவில்லாமல் செய்கிறீர்கள். இந்த வருஷம் பந்தலுக்குள் முதியவர்களுக்கென்று பத்து நாற்காலிகளை முன்வரிசையில் கயிறு கட்டி ஒதுக்குங்கள். பக்கத்தில் ஒரு வீட்டுக்காரரிடமோ மண்டபத்திலோ பேசி, ஒரு கழிப்பறையை அன்றிரவு முழுக்கத் திறந்து வைத்து, "முதியோருக்கு" என்று ஓர் அட்டை எழுதித் தொங்கவிடுங்கள். பத்து நாற்காலி வாடகை ஒரு சரவெடிப் பணத்துக்குள் அடங்கிவிடும்.